நான்காம் தலைமுறைப் பங்காளி

அன்புள்ள அக்கா,

வட வேல்ஸில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். ஆங்கிள்சி தீவில் வாடகை வீடு. வீட்டுக்காரருக்கு எழுபது வயதிருக்கும். போன வாரம் டீ குடிக்கக் கூப்பிட்டு, சாப்பாட்டு மேசை நீளத்துக்கு ஒரு காகிதச் சுருளை விரித்தார். 13ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் நிலம் வைத்திருந்த எட்னவெட் வகன் என்பவரின் வழியில் வந்தவராம் அவர். அதோடு நிற்கவில்லை. அங்கிருந்து மேலே ஏறி, பிரிட்டனை முதலில் ஆண்டதாகக் கதைகள் சொல்லும் ட்ராய் நகரத்து ப்ரூட்டஸ் வரைக்கும் போகிறது. ஏதோ ஓர் இணையதளத்தில் மூன்றே நாள் சாயங்காலத்தில் கண்டுபிடித்தாராம். இதை எத்தனை தலைமுறை வரை நம்பலாம்? எனக்கென்னவோ நிலம் வைத்திருந்தவர்களின் வெட்டிப் பெருமையாகத்தான் தெரிகிறது. இன்னொன்று: பெயருக்குப் பெயர் நடுவில் ‘அப்’ ‘அப்’ என்று வருகிறதே, அது நம் ‘அப்பா’தானே? இங்கே எல்லோரும் என்னை என் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள் என்பது தனி வேடிக்கை.

அன்புடன்,
ச.

அன்புள்ள தம்பி,

அப்பா இல்லை. முதலில் அதை முடித்துவிடுகிறேன். வேல்ஸின் மொழியான வெல்ஷில் ‘மாப்’ என்றால் மகன். முன்னெழுத்து தேய்ந்து ‘அப்’ ஆகிவிட்டது. நீங்கள் நினைத்ததற்கு நேர் எதிர்ப்பொருள். காதில் ஓர் ஓசை விழுந்ததும் குமரிக்கண்டத்திலிருந்து கப்பல் விடுவதை நம் ஆட்கள் என்றைக்குத்தான் நிறுத்தப்போகிறார்களோ! மருத்துவம் படித்தவர் நீங்களுமா?

அப்பா பெயரால் கூப்பிடுவது வேடிக்கை என்கிறீர்கள். நீங்கள் இருக்கும் ஊரில் பாதிப்பேருக்கு அதே விபத்துதான் நடந்தது. அவர்களுக்கும் நம்மைப்போல் குடும்பப்பெயர் கிடையாது, தகப்பன் பெயர்தான். ஆங்கிலேயக் குமாஸ்தா ‘குடும்பப்பெயர் என்ன?’ என்று கேட்டதும் அப் ஹவெல் பவல் ஆனார், அப் ரீஸ் ப்ரைஸ் ஆனார், அப் ரிச்சர்ட் ப்ரிட்சர்ட் ஆனார். இதில் பெரிய கூத்து ஓவைன் அப் மரெடித் அப் டிடிர் கதை. மரெடித்தின் மகன், டிடிரின் பேரன். ஆங்கிலேயர்கள் நடுவிலிருந்த தகப்பனை விட்டுவிட்டுப் பாட்டன் பெயரைப் பிடித்துக்கொண்டார்கள். இந்த ஓவைனின் பேரன்தான் 1485ல் இங்கிலாந்து அரியணையில் ஏறிய ஏழாம் ஹென்றி. டியூடர் வம்சம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, நியாயப்படி அது மெரெடித் வம்சமாக இருந்திருக்க வேண்டும். அந்த டிடிர், உங்கள் வீட்டுக்காரர் சொல்லும் எட்னவெட்டின் வழிவந்தவர். ஊர், நீங்கள் இருக்கும் தீவிலேயே பென்மனித். அங்கே தேவாலயத்தில் அவருடைய மூத்த மகன் கொரொன்விக்கு வெண்சலவைக்கல்லில் சமாதி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.

ஆனால் நான் பதில் எழுத உட்கார்ந்தது இதற்கெல்லாம் இல்லை. ‘வெட்டிப் பெருமை’ என்று எழுதினீர்களே, அதற்காக. அந்தச் சொல் என்னைக் குத்தியது.

என் அப்பா பத்திர எழுத்தர். எங்கள் வீட்டுத் திண்ணைதான் அவருக்கு ஆபீஸ். பாகப்பிரிவினை என்று வருகிறவர்களிடம் முத்திரைத்தாளைத் தொடுவதற்கு முன்னால் தலைமுறை கேட்பார். உங்கப்பா யாரு, அவரு கூடப்பிறந்தவங்க எத்தனை பேரு, அதுல வாரிசு இல்லாம போனது யாரு. ஒரு நாள் பங்காளிகள் மூன்று பேர் வந்தார்கள். தாத்தாவுக்கு மூன்று மகன்கள், ஆளுக்கொரு பங்கு, சுலபமான கணக்கு. அவர்களோடு வந்து தூணோரம் உட்கார்ந்திருந்த ஒரு கிழவி, அத்தை முறை, வாய் வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, “நாலு” என்றாள். அவ்வளவுதான். அப்பா பேனாவை மூடினார். என் பக்கம் திரும்பிக் கையைக் காட்டினார். உள்ளே போய் மோர் கொண்டுவா என்று அர்த்தம். நாலாவது மகன் கொழும்புக்குப் போய்த் திரும்பாதவன். அவனுக்கும் அங்கே பிள்ளைகள் இருந்தார்கள். பத்திரம் அன்றைக்கு எழுதப்படவில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. தலைமுறை சொல்வதற்கும் பெருமைக்கும் சம்பந்தமில்லை, அது வில்லங்கம் பார்க்கிற வேலை என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

இப்போது வேல்ஸுக்கு வாருங்கள். 12ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெரால்ட் என்ற பாதிரியார் எழுதிவைத்திருக்கிறார்: அங்கே சாதாரணக் குடியானவன்கூட ஆறேழு தலைமுறைப் பாட்டன்மார் பெயரை மனப்பாடமாக ஒப்பிப்பான் என்று. உங்களைப் போன்றவர்கள் இதைப் படித்துவிட்டு ‘அப்பா, என்ன ஒரு ஜம்பம்!’ என்பார்கள். எதற்காக ஒப்பித்தான் என்று கேட்க வேண்டாமா? ஹவெல் தா என்ற அரசர் பெயரில் வழங்கும் சட்டநூல்களைப் பாருங்கள். தகப்பன் நிலம் எல்லா மகன்களுக்கும் சமம். மணவாழ்க்கைக்கு வெளியே பிறந்தவனையும் தகப்பன் மகனென்று ஒப்புக்கொண்டால் அவனுக்கும் பங்கு உண்டு. தகப்பன் குடியிருந்த வீடு கடைக்குட்டிக்கு. இதோடு முடிந்ததா? இல்லை. ஒரே நிலத்தை மூன்று முறை பிரிக்கலாம். முதலில் அண்ணன் தம்பிகள். அவர்கள் காலத்துக்குப் பிறகு அவர்களுடைய பிள்ளைகள் ஒன்றுகூடி மறுபடி சமமாகப் பிரிக்கலாம். அதற்கும் பிறகு பேரப்பிள்ளைகள் இன்னொரு தரம். அதற்குமேல் பிரிவினை கிடையாது.

அதாவது, கொள்ளுத்தாத்தாவின் நிலத்தில் உங்களுக்கு எவ்வளவு என்பது, அவருக்கு மொத்தம் எத்தனை கொள்ளுப்பேரன்கள் என்பதைப் பொறுத்தது. மலைக்கு அந்தப்பக்கம் இருக்கும் நான்காம் தலைமுறைப் பங்காளி பெயர் தெரியவில்லை என்றால் உங்கள் பங்கு உங்களுக்கே தெரியாது. இப்படிக் கூட்டாக நிலம் வைத்திருந்த பங்காளிக் கூட்டத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ‘க்வெலி’. நேர்ப்பொருள் படுக்கை. ஒரு படுக்கையில் பிறந்தவர்கள். பங்கு என்ற சொல்லிலிருந்தே உறவுக்குப் பெயர் வைத்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. வட வேல்ஸின் டென்பியில் 1334ல் எடுத்த நிலப்பதிவிலும், உங்கள் தீவுக்கும் கேர்நார்வனுக்கும் 1352ல் எடுத்த பதிவிலும் க்வெலி க்வெலியாகத்தான் நிலம் கணக்கெடுக்கப்பட்டிருக்கிறது.

கொலைக்கும் இதே கணக்குதான். ஒருவன் கொலை செய்தால் நஷ்டஈட்டை அவன் மட்டும் கட்டித் தீர்க்க முடியாது. தகப்பன் வழி உறவும் தாய் வழி உறவும் சேர்ந்து கட்ட வேண்டும். யார் உறவு, எத்தனாவது உறவு என்று தெரியாமல் இருந்தால் முடியுமா?

எட்னவெட் விஷயத்துக்கு வருகிறேன். அவர் வெறும் நிலக்காரர் இல்லை. லுவெலின் என்ற பெரிய இளவரசரிடமும் பிறகு அவர் மகனிடமும் தலைமை அதிகாரி. 1246ல் இறந்தார். அவர் வழிவந்தவர்களை ‘விரியோன் ஏடன்’ என்பார்கள், ஏடனின் பேரப்பிள்ளைகள் என்று பொருள். அவர்களுடைய நிலத்துக்கு வாடகையோ வேறு கடமைகளோ இல்லை, போர் வந்தால் படைக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். அந்த வம்சம் என்று நிரூபித்தால் வரி மிச்சம். உள்ளே நுழையப் பார்க்கிறவனை வரி இழக்கும் பிரபுவும் விடமாட்டான், பங்கு இழக்கும் பங்காளியும் விடமாட்டான். நான் அந்த வம்சாவளியை நம்புவது அவர்கள் யோக்கியர்கள் என்பதற்காக இல்லை தம்பி. “நாலு” என்று சொல்ல ஒருத்தி எப்போதும் தூணோரம் உட்கார்ந்திருந்தாள், அதற்காக. ப்ரூட்டஸ் வரைக்கும் இழுத்ததில் யாருக்கும் ஒரு குழி நிலம்கூட நஷ்டமில்லை. அதனால் யாரும் மறுக்கவில்லை. சுருளின் அந்த மேல்பகுதியை மடித்துவைத்துவிடலாம்.

நிலத்தை அறவே விற்க முடியாத சட்டம் அது. அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். ‘ப்ரீட்’ என்று பெயர். நம் ஒத்திதான். நான்கு வருஷத்துக்கு ஒத்தி, மீட்காவிட்டால் இன்னும் நான்கு வருஷம், பிறகு இன்னும் நான்கு. இப்படியே நிலம் கைமாறிவிடும். காசுள்ள பங்காளி காசில்லாத பங்காளியின் நிலத்தைச் சத்தமில்லாமல் சேர்த்துக்கொண்டு போவான். பென்மனித்துக்கு நேர்ந்தது இன்னும் மோசம். டிடிரின் மகன்களில் இரண்டு பேர், ரீசும் க்விலிமும், ஆங்கிலேய அரசரை எதிர்த்து ஓவைன் க்ளின்டூர் நடத்திய கலகத்தில் சேர்ந்து 1401ல் புனித வெள்ளியன்று கான்வி கோட்டையையே பிடித்தார்கள். கலகம் தோற்றது, நிலம் பறிமுதல். அதை வாங்கிக்கொண்டவர் யார் என்கிறீர்கள்? அதே எட்னவெட் வழிவந்த பங்காளி, அதோடு கொரொன்வியின் மகளைக் கட்டிய மாப்பிள்ளை, பென்ரின் வீட்டுக் க்விலிம் அப் க்ரிஃபித். அவரும் முதலில் கலகத்தில் இருந்தவர்தான், நேரம் பார்த்துக் கட்சி மாறிவிட்டார். இதைப் படித்தபோது எனக்கு எங்கள் திண்ணைதான் ஞாபகம் வந்தது.

உங்கள் கேள்வி எங்கோ போய்விட்டது. எத்தனை தலைமுறை வரை நம்பலாம் என்றுதானே கேட்டீர்கள்? நடுவில் பாருங்கள். பீட்டர் பார்ட்ரம் என்று ஒரு மனிதர், பிரிட்டிஷ் காலனிகளில் வானிலை ஆய்வாளர், நைஜீரியாவிலும் பெர்முடாவிலும் மழையும் காற்றும் அளந்தவர். பழைய ஏடுகளைப் படிப்பதற்காகவே வெல்ஷ் கற்றுக்கொண்டு, 1400 வரையிலான வம்சாவளிகளை 8 தொகுதிகளாக 1974லும், அடுத்த நூறு வருஷத்தை 18 தொகுதிகளாக 1983லும் கொண்டுவந்தார். நூறு வயது தாண்டி வாழ்ந்தார். அவரை நினைத்தால் எனக்குக் காலில் விழத் தோன்றும். இப்போது அந்த உழைப்பை அபரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்தின் தளத்திலேயே பார்க்கலாம். எட்னவெட்டிலிருந்து 1500 வரை அது தாங்கும்.

உங்கள் வீட்டுக்காரர் பக்கம், தேவாலய ஞானஸ்நானப் பதிவுகள் அவரிலிருந்து ஒரு 250 வருஷம் பின்னால் கொண்டுபோகும். ஆக, பாலம் உடைந்திருப்பது நடுவில். ஒரே ஊரில் பத்து ஜான் அப் வில்லியம் இருந்த காலம் அது. இணையதளம் அதில் ஏதாவது ஒரு ஜானைப் பிடித்து ஒட்டியிருக்கும். மூன்று நாள் சாயங்காலத்தில் அந்தப் பள்ளத்தைத் தாண்டிவிட்டாராம்! 1858க்கு முன்னால் தேவாலய நீதிமன்றங்களில் பதிவான உயில்கள் அபரிஸ்ட்வித்தில் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. எட்னவெட்டிலிருந்து கீழே இறங்காமல், தன்னிலிருந்து மேலே ஏறச் சொல்லுங்கள். ஒவ்வொரு படியிலும் ஓர் உயில், ஒரு வயலின் பெயர்.

முகத்துக்கு நேரே பொய் என்று சொல்லிவிடாதீர்கள். எழுபது வயது மனிதர், உங்களைக் கூப்பிட்டு டீ கொடுத்தவர். அவருக்கு ஒன்றுவிட்ட தம்பி, தங்கை யாராவது பக்கத்து ஊரில் இருப்பார்கள். ஒரு நாள் அவர்களையும் டீக்குக் கூப்பிடச் சொல்லி, மேசைமேல் அந்தச் சுருளை விரிக்கச் சொல்லுங்கள். நீங்களும் கூட இருங்கள். யார் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா