பார்ப்பதற்கான கூலி

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். மன்னார்குடிப் பக்கம் ஒரு சிறு நகரத்தில் கண் மருத்துவமனை நடத்துகிறேன். திருச்சியில் ஒரு பெரிய மருத்துவமனையில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, சொந்த மண்ணில் இருப்போம் என்று 2019-இல் இங்கே வந்தேன். மறு ஆண்டே கொரோனா வந்து கதவை மூட வைத்தது. பிறகு கடன் வாங்கி, கண்புரை எடுக்கும் பேக்கோ இயந்திரமும் விழித்திரை ஸ்கேன் இயந்திரமும் வாங்கினேன். மாதத் தவணை 85,000 ரூபாய். வாடகை 30,000. நான்கு பேருக்குச் சம்பளம், மின்சாரம் எல்லாமாக 60,000. நாளொன்றுக்கு 30 பேர் வருகிறார்கள். கட்டணம் 200 ரூபாய். அவர்களில் 12 பேராவது மறுபரிசோதனைக்கு வருபவர்கள், அவர்களிடம் வாங்குவதில்லை. மாதம் 25 நாள் வேலை.

இப்போது தஞ்சாவூரில் ஒரு பெருநகரக் கண் மருத்துவமனைக் குழுமம் கிளை திறந்திருக்கிறது. எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் மாதம் ஒரு முறை இலவசப் பரிசோதனை நடத்தி, பஸ்ஸில் அழைத்துப் போகிறார்கள். இத்தனை நாள் நோயாளிகளை அனுப்பிவந்த கண்ணாடிக் கடைக்காரர், 'கேஸுக்கு இவ்வளவு' என்று கேட்கிறார். காப்பீட்டுப் பணம் வர மாதக்கணக்கில் ஆகிறது. அந்தக் குழுமமே திருச்சிக் கிளையில் நல்ல சம்பளத்துக்கு அழைக்கிறது. 'போய்விடலாம்' என்கிறார் என் கணவர். எனக்குத் தொழில் நடத்தத் தெரியவில்லையா ஐயா, அல்லது சிறு ஊரில் தனியாகக் கண் மருத்துவம் செய்யும் காலமே முடிந்துவிட்டதா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர் அனுமதியோடு வெளியிடுகிறேன்.)

அன்புள்ள டாக்டர்,

உங்கள் கடிதம் வந்து மூன்று நாளாகிறது. கும்பகோணத்தில் 28 ஆண்டுகள் கண் மருத்துவமனை நடத்தியவன் என்ற முறையில், அதிலுள்ள ஒவ்வொரு வரியும் எனக்குப் பழக்கமானது. ஆறுதல் சொல்வதற்கு முன் கணக்குப் பார்த்துவிடுவோம்.

உங்களிடம் கட்டணம் கொடுப்பவர்கள் நாளுக்கு 18 பேர். மாதம் 90,000 ரூபாய். வாடகையும் சம்பளமும் மின்சாரமும் சேர்ந்து அதே 90,000. ஆக, துண்டு விழுவது 85,000. அதுதான் உங்கள் மாதத் தவணையும். கண்ணைப் பார்த்துச் சொல்வதில் வரும் வருமானம் கட்டடத்துக்கும் ஆட்களுக்கும் சரியாகப் போய்விடுகிறது. இயந்திரத்துக்கான பணமும் உங்கள் வீட்டுக்கான பணமும் அறுவை சிகிச்சையிலிருந்தும், புரை எடுத்த கண்ணுக்குள் வைக்கும் லென்ஸிலிருந்தும், கண்ணாடியிலிருந்தும்தான் வர வேண்டும். அப்படியென்றால் மாதம் பிறக்கும்போதே, இத்தனை பேருக்குப் புரை எடுத்தாக வேண்டும் என்று ஓர் எண் உங்கள் தலைக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது. எனக்கும் அந்த எண் இருந்தது.

இதை நான் இதுவரை எங்கும் எழுதியதில்லை. 2004-இல் வங்கிக் கடனில் பேக்கோ இயந்திரம் வாங்கினேன். அந்த ஆண்டு ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் வந்தார். புரை அப்போதுதான் தொடங்கியிருந்தது. கண்ணாடியோடு பார்வைப் பலகையில் 6/9 வரிசை வரை படித்தார், ஏறக்குறைய முழுப் பார்வை. பரிசோதனை முடிந்து நாற்காலியில் உட்கார்ந்தவர், என் மேசையில் கிடந்த ஒரு கடித உறையைத் தலைகீழாகவே படித்து, 'பின்கோடு தப்பா போட்டிருக்காங்க டாக்டர்' என்றார். படிப்பதற்கும் நடப்பதற்கும் சைக்கிள் ஓட்டுவதற்கும் அவருக்கு ஒரு குறையும் இல்லை. 'இப்போதே எடுத்துவிட்டால் நல்லது' என்றேன். ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. தீபாவளிக்கு இனிப்பு கொண்டுவந்து கொடுத்தார். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்ல இடமும் இல்லை. ஆனால் அந்த ஆண்டு தவணை இல்லாதிருந்தால் 'அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்' என்று அவரை அனுப்பியிருப்பேன். இது எனக்குத் தெரியும். அன்று என் வாயிலிருந்து வந்தது கடனின் பேச்சு.

ஆகவே உங்களிடம் நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான். நீங்கள் செய்யும் உண்மையான வேலைக்குக் கூலி வாங்குங்கள். ஸ்லிட் லாம்ப் என்ற விளக்கு வைத்த நுண்ணோக்கியில் ஒரு கண்ணை உட்கார்ந்து பார்ப்பது, கண் அழுத்தம் அளப்பது, கண்பாப்பாவை விரிய வைத்துப் பார்வை நரம்பைப் பார்ப்பது, 'இப்போது ஒன்றும் செய்ய வேண்டாம்' என்று சொல்வது: இவைதான் நம் படிப்பு. இவற்றை ஏறக்குறைய இலவசமாகக் கொடுத்துவிட்டு, விட்ட பணத்தை லென்ஸ் விலைக்குள் ஒளித்துவைத்து எடுக்கிறோம். ஊர் முழுக்க இதே வழக்கம்தான். அதனால்தான் ஜனங்களுக்கும் பரிசோதனைக்கு மதிப்பில்லை. 'எந்த லென்ஸ், எத்தனை ரூபாய்' என்பதுதான் பேச்சு.

கட்டணத்தை 350 ஆக்குங்கள். மறுபரிசோதனைக்கு 100 வாங்குங்கள். இதே 30 பேர் வந்தால் நாளுக்கு 7,500, மாதம் 1,87,500. சிலர் விலை கேட்டுத் திரும்புவார்கள். கூலி வேலைக்காரர்களிடம் நீங்களே வாங்க மாட்டீர்கள். அதையெல்லாம் கழித்தாலும் துண்டு பெருமளவு அடைபடும். கூடவே லென்ஸ் வகைகளையும் அவற்றின் விலையையும் தமிழில் எழுதி வாசலில் மாட்டுங்கள். 'லேசர் ஆபரேஷன்' என்று பலகையில் எழுதியிருந்தால் அழித்துவிடுங்கள். பேக்கோ என்பது புரையை ஒலி அதிர்வால் கரைத்து உறிஞ்சுவது. அதில் லேசர் கிடையாது. லேசர் உதவியோடு புரை எடுக்கும் இயந்திரம் வேறு. ஜனங்கள் 'லேசர்' என்று சொல்வதைத் திருத்தாமல் விட்டு, அதற்கு ஒரு விலையும் வைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. இயந்திரம் இல்லாமல், தையலும் இல்லாமல், சிறு கீறலில் கையாலேயே புரையை எடுக்கும் முறையிலும் நல்ல பார்வை கிடைக்கிறது. நன்கு பழுத்த, கல்போல் இறுகிய புரைக்குப் பல சமயம் அதுவே பாதுகாப்பு. அந்தக் கைப்பழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

முகாம்களைப் பற்றி. அவற்றின் மேல் வருத்தப்படாதீர்கள். மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தில் திருகிப்போன விரல்களை வைத்துக்கொண்டு ஆபரேஷன் செய்தவர் அவர். அரவிந்தின் ஆரோலேப் 1992-இல் லென்ஸ் செய்யத் தொடங்கிய பிறகுதான் லென்ஸ் விலை ஏழைகளுக்கு எட்டும் அளவுக்கு இறங்கியது. டெல்டா ஜனங்களுக்குத் திருச்சி ஜோசப் கண் மருத்துவமனை தலைமுறை தலைமுறையாகத் தெரியும். இவை இல்லாதிருந்தால் நம் கிராமங்களில் திண்ணைக்குத் திண்ணை ஒரு பார்வையற்ற பாட்டி உட்கார்ந்திருப்பார். ஆளைப் பிடிப்பதற்கென்றே நடத்தும் முகாம்களும் உண்டு, மறுக்கவில்லை. எதுவானாலும், வரிசையாக நூறு பேருக்குச் செய்யும் இடத்தின் செலவுக் கணக்கோடு நீங்கள் போட்டி போட முடியாது. போட வேண்டியதும் இல்லை. முகாமில் ஆபரேஷன் செய்துகொண்டவர் கண் சிவந்து உங்களிடம் வந்தால், 'செய்த இடத்துக்கே போ' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உள்ளே சீழ் வைத்திருந்தால் ஒரு நாள் தாமதமும் கண்ணைக் கொண்டுபோய்விடும். பாருங்கள், குறிப்பு எழுதிக் கொடுங்கள், செய்தவர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசிவிட்டு அனுப்புங்கள்.

பஸ்ஸில் ஏற்றிப் போகிறவர்களால் செய்ய முடியாதது எது? எனக்கு ஒரு முகம் நினைவுக்கு வருகிறது.

வலங்கைமான் பக்கத்திலிருந்து வந்த பெண். நாற்பது வயது இருக்கும். சம்பா அறுவடையில் நெல் சுணை கண்ணில் பட்டிருக்கிறது. முதல் நாள் தாய்ப்பால் விட்டார்கள். அடுத்த நாள் விளக்கெண்ணெய். மூன்றாம் நாள் மருந்துக் கடையில் 'கண் சிவப்புக்கு' என்று கேட்டு ஒரு சொட்டு மருந்து. ஸ்டீராய்டு கலந்தது. போட்டதும் சிவப்பு குறைந்தது, உறுத்தலும் குறைந்தது. உள்ளே பூஞ்சை பரவிக்கொண்டிருந்தது. எட்டாம் நாள் புடவைத் தலைப்பால் கண்ணைப் பொத்திக்கொண்டு என்னிடம் வந்தபோது, கருவிழியின் நடுவில் சாம்பல் கலந்த வெள்ளையில் ஒரு புண். அதன் ஓரங்கள் இறகுபோல் பிரிந்திருந்தன. மரத்துப்போக மருந்து விட்டு, பிளேடு நுனியால் மெல்லச் சுரண்டி, கண்ணாடிச் சில்லில் தடவி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு துளி விட்டு நுண்ணோக்கியில் பார்த்தேன். கிளை கிளையாகப் பூஞ்சை இழைகள். மணிக்கொரு முறை நேட்டமைசின், பூஞ்சைக்கான சொட்டு மருந்து. ஆறு வாரம். முதல் பத்து நாள் தினமும் பஸ் ஏறி வந்தார். கண் தங்கியது. நடுவில் ஒரு தழும்பு நின்றுவிட்டது. 'பூ விழுந்துடுச்சு' என்றார். அந்த ஆறு வாரத்தில் அவரிடம் நான் வாங்கியது அறுபது ரூபாய். அதே நேரத்தை அறுவை அரங்கில் செலவழித்திருந்தால் எத்தனை புரை எடுத்திருக்கலாம் என்று என் கணக்குப்பிள்ளை சொன்னார். சொன்னது சரியான கணக்கு. ஆனால் நான் அங்கே இல்லாதிருந்தால், கண்ணே உருகிப் போன பிறகுதான் அவர் தஞ்சாவூர் போய்ச் சேர்ந்திருப்பார்.

கண் பிரஷர் (கிளாக்கோமா) நோயாளிகளும் அப்படித்தான். பெரும்பாலும் வலி கிடையாது, தொடக்கத்தில் மங்கலும் கிடையாது. ஓரத்திலிருந்து பார்வை சுருங்கிக்கொண்டே வரும். போனது திரும்பாது. ஆயுளுக்கும் சொட்டு மருந்து போட வேண்டும். ஒன்றும் தெரியாததாலேயே நிறுத்திவிடுவார்கள். வராதவர்களுக்கு நான் அஞ்சலட்டை போடுவேன்: 'பிரஷர் பார்க்க வேண்டிய தேதி கடந்துவிட்டது, வரவும்.' செவிலியர் ஒருவர் சனிக்கிழமை மாலைகளில் உட்கார்ந்து எழுதுவார். என் மருத்துவமனை நின்று நிலைத்ததற்கு அந்த அட்டைகள்தான் காரணம் என்று இன்றும் நம்புகிறேன். அப்பாவுக்கு அட்டை வந்த வீட்டிலிருந்து அம்மா வந்தார், பிறகு பேரன் கண்ணாடிக்கு வந்தான். நீங்கள் தொலைபேசியில் கூப்பிடலாம். சர்க்கரை நோயாளிகளுக்கும் ஆண்டுக்கொரு முறை விழித்திரை பார்க்க இதே போலக் கூப்பிடுங்கள்.

குறிப்பு எழுதுவதில் சோம்பல் வேண்டாம். சரபோஜி மன்னர் காலத்தில், இருநூறு ஆண்டுகளுக்கு முன், நோயாளிகளின் கண்களைப் படமாகத் தீட்டிவைத்து எழுதிய சிகிச்சைக் குறிப்புகள் தஞ்சை சரசுவதி மகாலில் இருக்கின்றன. அந்த ஊர்ப் பக்கத்தில் இருந்துகொண்டு, அவசரத்தில் 'அப்படியே இருக்கிறது' என்று ஒரு வரி கிறுக்கி அனுப்பலாமா? பணம் வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வழக்கு என்று வந்தால் உங்களுக்காகப் பேசுவது உங்கள் கையெழுத்து ஒன்றுதான்.

கண்ணாடிக் கடைக்காரருக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். கொடுக்கத் தொடங்கினால் அது அடுத்த ஆண்டு இரட்டிப்பாகும். அந்தப் பணமும் நோயாளியின் லென்ஸ் விலையில்தான் போய் ஏறும். அவரை நேரில் பார்த்து, மரியாதையாக, 'இது எனக்கு வழக்கமில்லை' என்று சொல்லிவிடுங்கள். சில மாதம் ஆள் குறையும்.

காப்பீட்டுக்கு: பாலிசி எடுத்து இரண்டு ஆண்டு ஆகாவிட்டால் புரைக்குப் பெரும்பாலும் பணம் தரமாட்டார்கள், தந்தாலும் உச்சவரம்பு உண்டு. இதை ஆபரேஷனுக்கு முன்பே நோயாளியின் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டால் பாதித் தகராறு இல்லை.

இயந்திரக் கடனுக்கு ஒரு யோசனை. ஸ்கேன் இயந்திரம் உங்கள் அறையில் நாளில் முக்கால் பங்கு நேரம் சும்மாதான் இருக்கும். திருத்துறைப்பூண்டியிலும் பட்டுக்கோட்டையிலும் உங்களைப் போலவே தனியாக நடத்துகிறவர்கள் இருப்பார்கள். அவர்களுடைய நோயாளிகளுக்கும் உங்களிடம் எடுத்துக் கொடுங்கள். ஆபரேஷனுக்கு உங்கள் அரங்கை வாரம் ஒரு நாள் அவர்களுக்கு விடுங்கள். 'என் நோயாளியைப் பிடித்துக்கொள்வார்' என்ற பயம் இரண்டு பக்கமும் இருக்கும். எனக்கும் இருந்தது. அதனாலேயே கும்பகோணத்தில் நாங்கள் ஐந்து பேர் ஐந்து இயந்திரம் வாங்கி, ஐந்து பேரும் வட்டி கட்டினோம்.

திருச்சி வேலையைப் பற்றிக் கேட்டீர்கள். வரும் ஆனி மாதம் வரை இப்படி நடத்திப் பாருங்கள். அப்போதும் கடன் கழுத்தை நெரித்தால் போய்விடுங்கள். வீட்டை அடகு வைத்து ஊருக்கு வைத்தியம் பார்க்கச் சொல்ல எனக்கு உரிமையில்லை. உங்கள் கணவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, இந்தக் கணக்குகளை அவரோடு உட்கார்ந்து போடுங்கள். போவதானால் அங்கே ஒன்றை மட்டும் முதலிலேயே கேளுங்கள்: மாதம் இத்தனை ஆபரேஷன் என்று இலக்கு உண்டா என்று.

தை பிறந்தால் சம்பா அறுவடை. அதற்குள் உங்கள் ஊரிலும் சுற்றுப்பக்கத்திலும் உள்ள மருந்துக் கடைகளுக்கு நீங்களே ஒரு நடை போய்வாருங்கள். நெல் சுணை பட்ட கண் என்று யார் வந்தாலும் சொட்டு மருந்து எதுவும் கொடுக்காமல் அன்றே உங்களிடம் அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் எண் அச்சடித்த அட்டையைக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். நேட்டமைசின் பத்துப் பாட்டிலாவது வாங்கி வையுங்கள். அறுவடை மும்முரத்தில் கும்பகோணத்திலேயே அது கிடைக்காமல் போன நாட்கள் உண்டு.