சித்தப்பா பிரான்சிலிருந்து லேப்டாப் வாங்கி வரட்டுமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கல்யாணம், மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு என்று படம் எடுத்து ஆல்பம் போட்டுக் கொடுக்கிறேன். போட்டோஷாப், லைட்ரூம் இரண்டிலும் வேலை. இப்போதுள்ள லேப்டாப் ரொம்பத் திணறுகிறது. பாரிஸ் பக்கத்தில் இருக்கும் சித்தப்பா பொங்கலுக்கு ஊருக்கு வருகிறார். கம்பெனிகளில் ஓடிய திங்க்பேட், லாட்டிட்யூட் மாதிரி பிசினஸ் லேப்டாப்களைப் புதுப்பித்து அங்கே நல்ல விலைக்கு விற்கிறார்களாம். “மாடல் பேரை மட்டும் அனுப்பும்மா, வாங்கிட்டு வரேன்” என்கிறார். 60,000 ரூபாய்க்குள் முடிக்கப் பார்க்கிறேன். எந்த மாடல் சொல்லட்டும்?
– ஒரு வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: மாடல் பெயரை மட்டும் அனுப்பாதீர்கள். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அந்த ஒரு வரிதான்.

பிசினஸ் லேப்டாப்பில் ஒரே பெயருக்குள் நாலைந்து விதமான திரைகள் வரும். திங்க்பேட் டி14 என்றே இரண்டு மெஷின் இருக்கும். பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே படத்தைத் திறந்தால், ஒன்றில் பட்டுப்புடவை பட்டாகத் தெரியும். இன்னொன்றில் பலமுறை துவைத்த நைலக்ஸ் புடவை மாதிரி இருக்கும். இந்த மெஷின்களை மொத்தமாக ஆர்டர் போடுவது பெரிய கம்பெனிகள். எக்செல்லும் மெயிலும் பார்க்கிறவர்களுக்கு இது போதும் என்று, இருப்பதிலேயே விலை குறைந்த திரையைத்தான் பெரும்பாலும் எடுப்பார்கள். மூன்று நான்கு வருஷத்தில் லீஸ் முடிந்து, அதே திரையோடு அது புதுப்பிக்கும் கடைக்கு வந்து சேரும்.

விவரப் பட்டியலில் ‘45 சதவீதம் என்டிஎஸ்சி’ (திரை எவ்வளவு நிறம் காட்டும் என்பதற்கு ஓர் அளவு) என்று இருந்தால் அது இந்தத் திரைதான். நாம் வேலை செய்யும் எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிறத் தொகுப்பில் சுமார் மூன்றில் இரண்டு பங்கைத்தான் அதனால் காட்ட முடியும். உங்களுக்கு வேண்டியது ‘100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி’. சிலர் ‘72 சதவீதம் என்டிஎஸ்சி’ என்று போடுவார்கள். நடைமுறையில் அதுவும் கிட்டத்தட்ட அதே அளவு, வாங்கலாம். இரண்டும் சொல்லாமல் ‘ஃபுல் எச்டி, ஐபிஎஸ்’ என்று மட்டும் இருந்தால் விடாமல் கேட்க வேண்டும். ஐபிஎஸ் என்றால் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் படம் பெரிதாக மாறாது, அவ்வளவுதான். நிறத்துக்கு அது உத்தரவாதம் இல்லை.

மோசமான திரை ஆல்பத்தை என்ன செய்யும் என்பதை ஒருமுறை கண்ணால் பார்த்தேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் சர்வீஸ் மேஜைக்கு ஒரு ஸ்டுடியோக்காரர் லேப்டாப்பையும் அச்சாகி வந்த ஆல்பத்தையும் சேர்த்தே தூக்கி வந்தார். ஆல்பம் அச்சடித்த லேப் நிறத்தைக் கெடுத்துவிட்டது என்று புகார். முகூர்த்தப் படம், பெண்ணுக்கு அரக்குச் சிவப்பில் காஞ்சிபுரம் பட்டு. அச்சில் கொசுவ மடிப்பு ஒன்றுகூடத் தெரியவில்லை. இடுப்பிலிருந்து பாதம் வரைக்கும் ஒரே சிவப்புத் திட்டு, அதன்மேல் ஜரிகை மட்டும் கோடு கோடாக. நலங்கு வைத்த கன்னம் மஞ்சளாக இல்லாமல் ஆரஞ்சாக இருந்தது. ஃபைலை வாங்கி, நிறம் அளந்து சரிசெய்த என் மானிட்டரில் திறந்தேன். ஃபைலிலேயே அப்படித்தான் இருந்தது. அவர் திரையில் சிவப்பு சோகையாகத் தெரிந்திருக்கிறது. பளிச்சென்று வரட்டும் என்று சாச்சுரேஷனை, அதாவது நிற அடர்த்தியை, ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார். லேப் மேல் ஒரு குற்றமும் இல்லை. பெண் வீட்டாருக்கு அவர் கைக்காசு போட்டு ஆல்பத்தைத் திரும்ப அடித்துக் கொடுத்தார். ராம் குறைவாக இருந்தால் உங்கள் நேரம்தான் போகும். திரை பொய் சொன்னால் போவது அடுத்த வீட்டுக் கல்யாண ஆல்பம். அதனால்தான் முதல் கேள்வியாகத் திரையைக் கேளுங்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சித்தப்பா கடையில் கேட்க வேண்டியது சீரியல் எண். டெல் என்றால் அடியில் ஏழு எழுத்தில் ஒரு சர்வீஸ் டேக் இருக்கும். அந்தக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டால், தொழிற்சாலையிலிருந்து என்னென்ன பாகங்களோடு வெளியே வந்தது என்று காட்டும். லெனோவோவுக்கும் எச்பிக்கும் இதே மாதிரி வசதி உண்டு. முத்தியால்பேட்டையில் உட்கார்ந்துகொண்டே நீங்கள் பார்த்துவிடலாம். எண்ணைத் தரத் தயங்குகிற கடை நமக்கு வேண்டாம். புதுப்பிக்கும்போது திரையையே மாற்றியிருக்கவும் கூடும் என்பதால், வாங்கியபின் எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓட்டி, மானிட்டர் பகுதியில் வரும் திரையின் எண்ணைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இதற்கு நாள் வேண்டும். இணையத்தில் வாங்கிய பொருளைக் கையில் கிடைத்து 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பிக் கொடுக்கும் உரிமை ஐரோப்பாவில் உண்டு. கிளம்புகிற அவசரத்தில் வாங்கினால் அந்த உரிமை பெட்டிக்குள் பூட்டப்பட்டு மீனம்பாக்கம் வந்துவிடும். மார்கழி பிறக்கும்போதே வாங்கச் சொல்லுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் இருவருமாகச் சோதித்துவிடலாம்.

அந்தச் சோதனையில் பூட்டு ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பது மிக முக்கியம். கம்பெனி மெஷின் சிலதில் பழைய நிர்வாகத்தின் பதிவு நீக்கப்படாமல் இருக்கும். விண்டோஸை முழுவதும் அழித்து, இணையத்தோடு இணைத்துப் புதிதாக ஏற்றும்போது ஏதோ ஒரு கம்பெனியின் பெயர் வந்து அலுவலக மெயில் ஐடி கேட்டால், அது இன்னும் அந்தக் கம்பெனியின் பிடியில் இருக்கிறது. அவர்கள் விடுவித்தால்தான் தீரும். பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) பாஸ்வேர்டு இருந்தாலும் இதே கதி. இரண்டில் எது இருந்தாலும் அன்றைக்கே திருப்பி அனுப்பிவிட வேண்டும். இங்கே வந்தபின் என் மாதிரி ஆட்களால் செய்யக்கூடியது அதிகமில்லை.

எந்த வரிசையில் தேடுவது என்றால், என்ஜினியர்களுக்கும் டிசைனர்களுக்கும் என்று வாங்கப்பட்டவற்றில். லெனோவோவில் பி வரிசை (பி14எஸ் கைக்கு அடக்கமானது), டெல்லில் பிரிசிஷன், எச்பியில் இசட்புக். நல்ல திரை இருக்க வாய்ப்பு இவற்றில்தான் அதிகம். டெல் 2025இல் பெயர்களையெல்லாம் மாற்றி ‘டெல் புரோ’, ‘டெல் புரோ மேக்ஸ்’ என்று ஆக்கிவிட்டது. புதுப்பித்தவற்றில் இன்னும் பழைய பெயர்களே ஓடும். எச்பியில் ‘ஷ்யூர் வியூ’, லெனோவோவில் ‘பிரைவசி கார்டு’ என்று இருந்தால் தொடாதீர்கள். பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியக்கூடாது என்றே செய்த திரைகள் அவை. நம் வேலையில் பெண்ணின் அம்மா, அத்தை, நாத்தனார் எல்லாரும் நாற்காலிக்குப் பின்னால் நின்றுதானே படம் தேர்வு செய்கிறார்கள்!

ராம் 16 ஜிபிக்குக் கீழே வேண்டாம், 32 இருந்தால் நிம்மதி. சில மெல்லிய மாடல்களில் ராம் போர்டோடு ஒட்டிய சமாச்சாரம், பின்னால் ஏற்ற முடியாது. லெனோவோவின் எக்ஸ்1 கார்பன் அப்படித்தான். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல்லில் 8ஆம் தலைமுறையாவது வேண்டும். நீங்கள் 11ஆம் தலைமுறை, அதற்கு மேலேயே பாருங்கள். மண்டபத்து மங்கல் வெளிச்சத்தில் எடுத்த படங்களுக்கு லைட்ரூமின் ஏஐ டினாய்ஸ் (புள்ளி புள்ளியான இரைச்சலை நீக்குவது) போடுகிறவராக இருந்தால், தனி கிராபிக்ஸ் கார்டு இருப்பதைத் தேடுங்கள். அந்த வேலையின் சுமை பெரும்பாலும் அதன்மேல்தான் விழுகிறது.

அடுத்து கீபோர்டு. புதுச்சேரிக்காரர்கள் பலருக்கு இந்த அனுபவம் இருக்கும். பிரான்சில் விற்பது அசெர்ட்டி கீபோர்டு. ஏ-யும் கியூ-வும் இடம் மாறியிருக்கும், இசட்டும் டபிள்யூ-வும் இடம் மாறியிருக்கும், எம் எல்லுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கும். எண்களுக்கு ஷிஃப்ட் அழுத்த வேண்டும். போட்டோஷாப்பில் பிரஷ்ஷைப் பெரிதாக்க, சிறிதாக்க நாம் தட்டும் சதுர அடைப்புக்குறிகள் ஆல்ட்-ஜிஆர் சாவியைப் பிடித்தால்தான் வரும். விண்டோஸில் மொழியை ஆங்கிலக் கீபோர்டாக மாற்றிவிட்டால் எல்லாம் நம் விரல் பழகிய இடத்துக்கு வந்துவிடும். அப்புறம் டபிள்யூ என்று அச்சிட்ட சாவியைத் தட்டினால் இசட் வரும். கன்ட்ரோல் இசட் வழக்கம்போல் வேலை செய்யும். பார்க்காமல் தட்டுகிறவருக்குப் பிரச்சினையே இல்லை. பார்த்துத் தட்டுகிறவர் என்றால் ஸ்டிக்கர் ஒட்டலாம், அல்லது கீபோர்டு மட்டும் தனியாகக் கழற்ற வரும் மாடலாகத் தேர்ந்தெடுத்து இங்கே மாற்றிக்கொள்ளலாம். விண்டோஸ் பிரெஞ்சில் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். இந்த மெஷின்களில் பெரும்பாலும் புரோ பதிப்புதான் இருக்கும், மொழியை மாற்றிக்கொள்ளலாம்.

சுங்கத்தைப் பொறுத்தவரை, 18 வயது நிறைந்த பயணி ஒருவர் ஒரு லேப்டாப் வரியில்லாமல் கொண்டுவரலாம். சித்தப்பா தன் லேப்டாப்பையும் எடுத்து வந்தால் உங்களுடையது இரண்டாவது ஆகிவிடும்; அது மற்றப் பொருள்களோடு பொதுச் சலுகைக் கணக்கில் போகும். சித்தியும் கூட வருகிறார் என்றால் ஆளுக்கு ஒன்று, தீர்ந்தது. ரசீது கையில் இருக்கட்டும். பிரான்சில் 20 சதவீத வரி திரும்பக் கிடைக்கும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள்; அது ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிக்கிற பயணிகளுக்கு. அங்கேயே குடியிருக்கும் சித்தப்பாவுக்குக் கிடைக்காது.

வாரன்டி இங்கே கிடைக்கும் என்று நம்பி வாங்காதீர்கள். புதுப்பித்த கடை தரும் வாரன்டி அந்தக் கடையோடு சரி. ஆனாலும் பிசினஸ் மெஷினை நான் பரிந்துரைக்கக் காரணம் இருக்கிறது. எப்படிப் பிரிப்பது என்று கம்பெனியே கையேடு வெளியிட்டிருக்கும். கீபோர்டு, பேட்டரி, விசிறி எதுவானாலும் சென்னை ரிச்சி தெருவில் தேடிப் பிடித்துவிடலாம். நம் கடற்கரைக் காற்றில் உப்பேறி விசிறியும் போர்ட்டும் சீக்கிரம் கெடும் என்பதால், மாற்றக்கூடிய பாகம் என்பது நமக்குப் பெரிய விஷயம்.

கேள்வி: மகன் துபாயில் இருக்கிறான். தங்கை போட்டோ எடிட்டிங் படிக்கிறாள் என்று ஒரு லேப்டாப் வாங்கிக் கூரியரில் அனுப்பட்டுமா என்கிறான். அனுப்பச் சொல்லலாமா?
– ஒரு வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: கூரியர் வேண்டாம் அய்யா. மேலே சொன்ன வரிச் சலுகை, பயணி தன்னோடு கொண்டுவருவதற்குத்தான். கூரியரில் வந்தால் வரி கட்டித்தான் எடுக்க வேண்டும், அதற்கான காகித வேலையும் உங்கள் தலையில் விழும். மகன் விடுமுறைக்கு வரும்வரை பொறுங்கள். வரும்போதும் கைப்பையில் வைத்து எடுத்து வரட்டும். லித்தியம் பேட்டரி உள்ள சாமானை செக்-இன் பெட்டியில் போடாமல் இருப்பதே நல்லது. அங்கே விற்கும் கீபோர்டில் ஆங்கிலத்தோடு அரபி எழுத்தும் இருக்கும், ஆங்கில வரிசை நம்முடையதேதான். பெண்ணுக்குப் பழக ஒன்றும் இல்லை.

கேள்வி: என்னிடம் நல்ல வேகமான லேப்டாப் ஏற்கெனவே இருக்கிறது. நீங்கள் அடிக்கடி சொல்லும் அந்த 45 சதவீதத் திரைதான் குறை. திரையை மட்டும் மாற்றலாமா, வேறு மெஷினே வாங்கிவிடலாமா?
– ஒரு வாசகர், லாசுப்பேட்டை, புதுச்சேரி

பதில்: வேறு மெஷின் வேண்டாம். திரையை மாற்ற முடியும். அளவு, இணைப்பிலுள்ள பின்களின் (முட்களின்) எண்ணிக்கை, திருகு பிடிக்கும் இடம் மூன்றும் பொருந்த வேண்டும், தொடுதிரையாக இருந்தால் சிக்கல். ஆனால் நீங்கள் மேஜையில் உட்கார்ந்தே வேலை செய்கிறவர் என்றால், 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி உள்ள 24 அங்குல மானிட்டர் ஒன்று வாங்குவதே மேல். லேப்டாப் திரையில் டூல்களை வைத்துக்கொண்டு, படத்தை மானிட்டரில் பாருங்கள்.

அதை நிறம் அளக்கும் கருவியால் சரிசெய்தால்தான் பலன் முழுமையாகும். ஸ்பைடர், கேலிபிரைட் என்று கிடைக்கும் இந்தக் கருவியைத் தினமும் பயன்படுத்தப் போவதில்லை. உங்கள் பகுதியில் மூன்று நான்கு ஸ்டுடியோக்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்கி, மாதம் ஒருமுறை கைமாற்றிக்கொள்ளலாமே. போட்டித் தொழில்தான் என்றாலும் இதில் யாருக்கும் நஷ்டம் இல்லை.

நீங்கள் கேள்வியோடு அனுப்பிய எடிட்டிங் அறைப் படத்தில் பின்சுவர் பளீர் மஞ்சளாக இருப்பதைக் கவனித்தேன். நம் ஊருக்கு அழகான நிறம்தான், ஆனால் எடிட்டிங் அறைக்கு ஆகாது. சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் திரையிலும் விழும், கண்ணும் அதற்குப் பழகிவிடும். அப்புறம் மஞ்சளைக் குறைத்துக் குறைத்து, முகங்கள் நீலம் பாய்ந்து அச்சாகும். குறைந்தது மேஜைக்குப் பின்னாலும் எதிரேயும் வெளிர் சாம்பல் அடித்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சம் நேரே திரையில் விழாதபடி மேஜையைத் திருப்பிப் போடுங்கள்.

கேள்வி: அக்கா பிரான்சிலிருந்து கொண்டுவந்த லேப்டாப் சார்ஜரை நம் பிளக்கில் சொருகினால் ஆடுகிறது. லேப்டாப் மேல் கை வைத்தால் சுருக்கென்கிறது. வோல்டேஜ் சேரவில்லையா?
– ஒரு வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: வோல்டேஜ் பிரச்சினை இல்லை. அடாப்டர் மேல் ‘100–240வி, 50–60 ஹெர்ட்ஸ்’ என்று இருக்கும், அது நம் 230 வோல்ட்டுக்குப் பொருந்தும். சிக்கல் பிளக்கில். பிரெஞ்சு பிளக்கின் உருண்டைக் கம்பிகள் நம் சாக்கெட் ஓட்டைக்குக் கொஞ்சம் ஒல்லி, அதனால் ஆடுகிறது. அதற்கு எர்த், சாக்கெட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி வழியாகக் கிடைக்கும். நம் சாக்கெட்டில் அந்தக் கம்பி இல்லை. எர்த் இல்லாததால்தான் உலோக உடம்பில் அந்தச் சுருக். அடாப்டர் செங்கலை மாற்ற வேண்டாம். அதில் சொருகும் மூன்று ஓட்டை ஒயரை மட்டும் கழற்றி எலக்ட்ரிக்கல் கடைக்கு எடுத்துப் போய், அதே முனையும் மறுபக்கம் நம் மூன்று முள் பிளக்கும் உள்ள ஐஎஸ்ஐ ஒயர் ஒன்று வாங்குங்கள். மாற்றிய பிறகும் சுருக்கென்றால் கோளாறு வீட்டு எர்த்திங்கில் இருக்கும். லேப்டாப்பை விட்டுவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.