டாலர் வலுத்தும் தங்கம் ஏன் இறங்கவில்லை?

வணக்கம். டாலர் வலுத்தால் தங்கம் இறங்கும் என்று நம்பி, மகளின் திருமண நகையை வாங்காமல் காத்திருந்தும் விலை குறையவில்லை என எழுதியிருந்தீர்கள். அந்த விதி டாலரில் குறிக்கப்படும் உலக விலைக்கே பொருந்தும். அதுவும் எப்போதும் அன்று. நாம் கொடுக்கும் விலையில் ரூபாயின் மாற்று விகிதமும் இறக்குமதி வரியும் சேர்கின்றன. 2013-இல் உலகச் சந்தையில் தங்கம் கால் பங்குக்கும் மேல் சரிந்தது. ஆனால் ஆகஸ்டில் ரூபாய் டாலருக்கு 68-ஐத் தாண்டி வீழ்ந்ததாலும், சுங்க வரி 10 சதவீதமாக உயர்த்தப்பட்டதாலும், இந்தியாவில் வாங்கியவர்களுக்கு அச்சரிவின் ஒரு பகுதியே கிட்டியது. தேவை உறுதியென்றால், டாலர், ரூபாய் மதிப்பைக் கணித்துக் காத்திராமல் மாதந்தோறும் சிறிது தங்கம் வாங்கிவருமாறு பரிந்துரைப்பேன்.