யார்ட் சைன் வச்சதுக்கு ஹெச்ஓஏ லெட்டர்: எடுக்கணுமா, வேணாமா?

கேள்வி: டெக்சாஸ்ல டல்லாஸ் பக்கம் சொந்த வீடு, ரெண்டு பேருமே சிட்டிசன். மே மாசம் ஸ்கூல் போர்டு எலெக்‌ஷன்ல எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு அம்மா நிக்கறாங்க. பொங்கல் முடிஞ்ச கையோட அவங்களுக்கு ஓட்டு கேட்டு ரெண்டு யார்ட் சைன், அதான் வீட்டு முன்னாடி வைக்கற விளம்பரப் பலகை, வச்சேன், ஒண்ணு புல்லுல, ஒண்ணு வாசல் மரத்துல கட்டி. உடனே எடுக்கச் சொல்லி ஹெச்ஓஏ, அதான் எங்க குடியிருப்பு வீட்டுச் சொந்தக்காரங்க சங்கம், லெட்டர் போட்டிருக்கு. வீட்டுக்காரர் "வந்த இடத்துல நமக்கெதுக்கு வம்பு"ங்கறார். பேச்சுரிமை உள்ள நாடுதானே இது?

பதில்: இப்போதைக்கு எடுத்துருங்க தோழி. ஆனா குப்பையில போட்டுடாதீங்க, கராஜ்ல வைங்க, பிப்ரவரில வேலை இருக்கு.

நீங்க சொல்ற பேச்சுரிமை அரசியல் சாசனத்தோட முதல் திருத்தம், அது கட்டிப்போடறது அரசாங்கத்தை. சிட்டி நிர்வாகம் உங்களைத் தடுத்திருந்தா கதையே வேற. மிசௌரில செயின்ட் லூயிஸ் பக்கத்துல லடூன்னு வசதியான ஒரு ஊர், அங்க 1990 டிசம்பர்ல மார்கரெட் கில்லியோங்கற அம்மா வளைகுடாப் போர் வேண்டாம்னு ரெண்டடிக்கு மூணடி சைன் ஒண்ணை வாசல்ல நட்டாங்க. அது காணாமப் போச்சு, இன்னொண்ணு வச்சாங்க, அதையும் யாரோ தள்ளிவிட்டுட்டாங்க. போலீஸ்ல போய் சொன்னா, "இந்த ஊர்ல சைனே வைக்கக்கூடாதும்மா"ன்னு இவங்களுக்கே பாடம் எடுத்தாங்க! அந்தம்மா விடல, கேஸ் போட்டாங்க, நடுவுல மாடி ஜன்னல்ல சாதா பேப்பர் சைஸ்ல இன்னொரு சைனையும் ஒட்டினாங்க. 1994ல சுப்ரீம் கோர்ட் ஒன்பது ஜட்ஜும் ஒரே குரல்ல ஊரோட தடை செல்லாதுன்னுட்டாங்க. டெக்சாஸ்ல இன்னும் தெளிவு, சொந்த இடத்துல 36 சதுர அடிக்குள்ள, 8 அடி உயரத்துக்கு மேல போகாம, லைட்டு, ஆடற அசையற சமாச்சாரம் எதுவும் இல்லாம இருந்தா அரசியல் சைனுக்கு சிட்டி பர்மிட் கூட கேக்க முடியாது.

ஆனா ஹெச்ஓஏ அரசாங்கம் இல்லையே, வீடு வாங்கறப்ப க்ளோசிங்ல, அதான் பத்திரம் முடிக்கற அன்னிக்கு, கத்தைக் கத்தையா கையெழுத்து போட்டீங்கல்ல, அதுல அவங்க ரூலும் சேர்த்தி. நல்லவேளையா டெக்சாஸ் சொத்துச் சட்டத்துல, அதான் ப்ராப்பர்ட்டி கோடு, 202.009ன்னு ஒரு பிரிவு இருக்கு. எலெக்‌ஷனுக்கு 90 நாள் முன்னாடி தொடங்கி முடிஞ்ச பத்தாவது நாள் வர்ற வரைக்கும் வேட்பாளர் சைனை ஹெச்ஓஏ தடுக்கக்கூடாது. மே முதல் சனிக்கிழமை எலெக்‌ஷன்னா பின்னாடி எண்ணிப் பாருங்க, பிப்ரவரி ஆரம்பத்துலதான் வரும். நீங்க ஜனவரியிலயே நட்டுட்டீங்க, அதுதான் சிக்கல்.

அப்புறம் மரத்துல கட்டினது. செடி மரத்துல கட்டக்கூடாது, ஒரு வேட்பாளருக்கு ஒரு சைன்தான், தரையில நட்டதாதான் இருக்கணும், நாலடிக்கு ஆறடியைத் தாண்டக்கூடாதுன்னு அவங்க ரூல் வச்சிருந்தா அது செல்லும். பலூன், தோரணம், பாட்டு இதையெல்லாம் கூட தடுக்கலாம்னு சட்டத்துலயே எழுதியிருக்கான், நம்மூர் எலெக்‌ஷனைப் பார்த்தவன் எவனோ உக்காந்து எழுதின மாதிரியே இருக்கும். ரூலை மீறினா அவங்களே வந்து பிடுங்கிட்டுப் போகவும் சட்டம் இடம் குடுக்குது.

ஒண்ணு கவனிங்க, இந்தப் பாதுகாப்பு எலெக்‌ஷன் சைனுக்கு மட்டும்தான். கில்லியோ வச்ச மாதிரி போர் வேண்டாம்னு ஒரு சைன் வச்சா உங்க ஹெச்ஓஏகிட்ட இந்த செக்‌ஷன் செல்லுபடி ஆகாது. கலிஃபோர்னியால அப்படி இல்ல, வியாபாரம் சம்பந்தமில்லாத சைன் 9 சதுர அடி வரைக்கும் வச்சுக்கலாம். எந்த மாநிலத்துல வீடு வாங்கறோம்ங்கறதைப் பொறுத்து வாயோட அளவும் மாறும்போல, எனக்கு இது கொஞ்சமும் பிடிக்கல, ஆனா நிலவரம் அதுதான்.

பிப்ரவரி வந்ததும் ஒரே ஒரு சைனை, கம்பி ஸ்டாண்டோட, நடைபாதைக்கு உள்பக்கம் உங்க புல்லுல நடுங்க. நடைபாதைக்கும் ரோட்டுக்கும் நடுவுல உள்ள பட்டையில வேண்டாம், அது பெரும்பாலும் சிட்டி கணக்கு. தேதியோட போட்டோ எடுத்து, 202.009ஐக் குறிப்பிட்டு ஹெச்ஓஏக்கு ரெண்டு வரி மெயில் போடுங்க, கோவமெல்லாம் வேணாம். திரும்பவும் லெட்டர் வந்தா அப்ப வக்கீலைப் பாருங்க.

வீட்டுக்காரர் பயப்படறது சட்டத்துக்கு இல்லன்னு நினைக்கறேன், எதிர்வீட்டுக்காரன் என்ன நினைப்பான்னுதான். அதைத் தப்புன்னு சொல்ல மாட்டேன், வீடு அவர் பேர்லயும்தானே இருக்கு. பிப்ரவரிக்கு இன்னும் நாள் இருக்கு, அதுக்குள்ள அவர்கிட்ட பேசி சம்மதிக்க வைங்க.