லிண்டி ஹாப்: முதலில் நடக்கப் பழகுங்கள்

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் பிறந்த லிண்டி ஹாப் என்னும் ஜோடி ஆட்டத்தைப் புதிதாகக் கற்பவர்களும் கற்க நினைப்பவர்களும் கேட்ட கேள்விகள் இவை. நான் பதினோரு ஆண்டுகளாக ஆடுகிறேன். முதல் ஆறு ஆண்டுகள் ஃபாலோவராக (ஜோடியில் பின்தொடர்ந்து ஆடுபவர்) மட்டும் ஆடினேன், பிறகு லீடராகவும் (வழிநடத்தி ஆடுபவர்) கற்றுக்கொண்டேன்.

அக்கா, 1941ல வந்த 'ஹெல்ஸாபாப்பின்' படத்து ஆட்டத்தைப் பார்த்துட்டு எனக்குத் தூக்கமே வரலை. ஆளை அப்படியே தூக்கிச் சுத்துறாங்க! நான் இதுவரைக்கும் ஆடினதே இல்லை. எங்கேர்ந்து ஆரம்பிக்கறது? (சென்னை, கல்லூரி மாணவர்)

நானும் அதைப் பார்த்துத்தான் வந்தேன் தம்பி, அதனால் உங்கள் தவிப்பு புரிகிறது. அதில் ஆடுகிறவர்கள் வைட்டீஸ் லிண்டி ஹாப்பர்ஸ் குழுவினர். ஆட்டமே அவர்களுக்குப் பிழைப்பு. துணையை அந்தரத்தில் தூக்கிச் சுழற்றும் 'ஏர் ஸ்டெப்'பை 1935ல் ஹார்லெமின் சவாய் நடன அரங்கில் நடந்த ஒரு போட்டியில் ஃப்ராங்கி மானிங், ஃப்ரீடா வாஷிங்டன் என்ற ஆட்டக்காரர்கள் முதன்முதலில் ஆடிக் காட்டினார்கள். அதைப் பழக வேண்டுமானால் ஒரே துணையோடு, மெத்தை விரித்து, பிடிக்க ஆள் நிறுத்தித்தான் பழக வேண்டும். பலர் ஒன்றாக ஆடும் தரையில் அதைச் செய்யவே கூடாது. பக்கத்து ஜோடியின் முகத்தில் கால் படும்.

நீங்கள் நடையிலிருந்து தொடங்குங்கள். கவுண்ட் பேஸி ஜாஸ் இசைக்குழுவின் மிதமான வேகப் பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, முழங்காலைச் சற்றுத் தளர்த்தி, வீட்டுக் கூடத்தில் இங்குமங்கும் நடந்து பாருங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் உடம்பு கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். மேலே எம்பக் கூடாது, தரையை நோக்கி இறங்க வேண்டும். இதைத்தான் 'பல்ஸ்' என்கிறோம். இரண்டு வாரம் இதை மட்டும் செய்துவிட்டு வகுப்புக்குப் போங்கள். கூடவே ஆடுகிறவருக்கு உங்கள் கையைப் பிடித்ததுமே வித்தியாசம் தெரியும்.

அக்கா, டிரிபிள் ஸ்டெப் எனக்குப் பிடிபடுதே இல்லை. பாட்டு வேகமாப் போனால் கால் ரெண்டும் பின்னுது. சின்ன வயசில பரதம் பழகினனான், அதுவும் உதவேல்லை. (ஸ்கார்பரோ)

பரதம்தான் இந்த இடத்தில் கொஞ்சம் குறுக்கே வருகிறது என்று நினைக்கிறேன். மூன்று மிதி என்றதும் உங்கள் கால் 'தகிட' என்று சமமாகப் பிரித்துக்கொள்ளும். டிரிபிள் ஸ்டெப்பில் மூன்றும் சமமில்லை. இரண்டு தட்டுக்குள் மூன்று மிதி. முதல் மிதி நீளும், இரண்டாவது அடுத்த தட்டுக்குச் சற்று முன்னால் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும், மூன்றாவது தட்டின் மேலேயே வந்து நிற்கும். 'தாஆ-க தா' என்று வாயால் சொல்லிப் பாருங்கள், 'க' சின்னதாக விழட்டும். வாயில் சரியாக வராதவரை காலில் வராது. இது உங்களுக்கு உங்கள் ஆசிரியர் சிறு வயதிலேயே சொல்லித்தந்திருப்பார்.

இனி, கால் பின்னுவது. அடி பெரிதாக வைக்கிறீர்கள். டிரிபிள் ஸ்டெப்பில் பாதங்கள் இடுப்புக்கு நேர் கீழேயே இருக்க வேண்டும், இரண்டாவது மிதி முதல் பாதத்தை அநேகமாகத் தொட்டுவிட வேண்டும். ஒரு தரை ஓட்டின் அகலத்துக்குள் மூன்று மிதியையும் முடிக்கப் பழகுங்கள். ஒரு நிமிடத்துக்கு 120 தட்டில் தொடங்கி, வசப்பட்ட பிறகு 140, பிறகு 160. இருநூறைத் தாண்டும் பாட்டுகளில் கைதேர்ந்தவர்களே பல இடங்களில் டிரிபிளை விட்டுவிட்டுச் சார்ல்ஸ்டன் என்ற பழைய ஆட்டத்தின் உதைகளுக்குப் போய்விடுவார்கள். ஆகவே வேகப் பாட்டில் விட்டுப்போனால் கலங்க வேண்டாம்.

ஏனுங்க, பாட்டு எட்டெட்டாப் போகுது, ஆனா வகுப்புல ஆறு எண்ணச் சொல்றாங்க. எனக்கு ஒண்ணுமே ஒட்ட மாட்டேங்குது. யாரு தப்பு? (கோவை)

யார் தப்பும் இல்லைங்க. லிண்டி ஹாப்பில் ஆறு தட்டு அசைவுகளும் உண்டு, எட்டுத் தட்டு அசைவுகளும் உண்டு. ராக் ஸ்டெப் (ஒரு காலைப் பின்னால் வைத்து, மறுபடி முன்காலுக்கு வரும் இரண்டு தட்டு), டிரிபிள், டிரிபிள் என்றால் ஆறு. நடுவில் இரண்டு நடை சேர்த்தால் எட்டு. பாட்டோ எட்டில் ஓடுகிறது. ஆறு தட்டு அசைவை நான்கு முறை ஆடினால் இருபத்து நான்கு. பாட்டில் அது மூன்று எட்டு. அங்கே இரண்டும் மறுபடி சேரும். ஆதி தாளத்தில் தனி ஆவர்த்தனம் கேட்டுப் பழகிய காதுக்கு இது புதிதில்லை: கணக்கு விலகிப் போய்ச் சமத்தில் வந்து விழும் சுகம்தான். எண்ணுவதைத் தொடக்கத்தில் விடாதீர்கள், ஆனால் இரண்டு மாதத்துக்குப் பிறகு எண்ணாமல் பாட்டை மட்டும் கேட்டு ஆடிப் பாருங்கள்.

இது வெள்ளைக்காரங்க ஆட்டம்தானே? படங்கள்ல எல்லாம் அவங்கதான் ஆடறாங்க. (திருச்சி)

இல்லை. இதை ஒவ்வொரு புதியவரும் தெரிந்துகொண்டுதான் ஆட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். லிண்டி ஹாப் ஹார்லெமின் கறுப்பின மக்கள் உருவாக்கியது. 1926ல் லெனாக்ஸ் அவென்யூவில் திறந்த சவாய் அரங்கம் அதன் வீடு. அமெரிக்காவில் நிறப் பாகுபாடு கோலோச்சிய காலத்தில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தரையில் ஆடிய இடம் அது. இரண்டு இசை மேடைகள் இருந்ததால் ஒரு குழு முடிக்கும்போது அடுத்தது தொடங்கிவிடும், பாட்டு நிற்காது. டிரம்ஸ் வாசித்துக்கொண்டே குழுவை நடத்திய சிக் வெப் அங்கே அரசர். 1937ல் பென்னி குட்மன் இசைக்குழு அங்கே போட்டிக்கு வந்தபோது வெப் குழுதான் வென்றது என்று இன்றும் பேசுகிறார்கள்.

1927ல் சார்ல்ஸ் லிண்ட்பெர்க் தன்னந்தனியாக அட்லாண்டிக்கைப் பறந்து தாண்டியதை ஒட்டித்தான் ஆட்டத்துக்கு இந்தப் பெயர் வந்தது என்பார்கள். சவாய் 1958ல் மூடப்பட்டது, இடித்தும்விட்டார்கள். ஃப்ராங்கி மானிங் தபால் துறையில் வேலைக்குப் போய் முப்பது ஆண்டுகள் அங்கேயே இருந்தார். 1980களில் ஸ்வீடனிலிருந்தும் கலிஃபோர்னியாவிலிருந்தும் இளைஞர்கள் பழைய ஆட்டக்காரர்களைத் தேடி நியூயார்க் போனார்கள். அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் ஃப்ராங்கி, ஆல் மின்ஸ், நார்மா மில்லர் போன்றவர்கள். சவாய் இருந்த இடத்தில் 2002ல் ஒரு நினைவுப் பலகை வைத்தபோது ஃப்ராங்கியும் நார்மாவும்தான் திறந்துவைத்தார்கள். நார்மா 2019ல், 99 வயதில் காலமானார். அவர்கள் பெயரைச் சொல்லாமல் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுக்கிற வகுப்பு எனக்கு உவப்பதில்லை.

என்ன ஷூ வாங்கணும்? விலை எல்லாம் பார்த்தா பயமா இருக்கு. (வேலூர்)

வாங்க வேண்டாம். ஆனால் ரப்பர் அடியுள்ள ஓட்டப் பயிற்சி ஷூவோடு போகாதீர்கள். முதல் ஆண்டில் நான் அப்படித்தான் போனேன். ஒரு சுற்றில் உடம்பு முழுதாகத் திரும்பியது, பாதம் தரையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது, நடுவில் மாட்டிக்கொண்டது முழங்கால். ஏழு வாரம் படியேற முடியவில்லை.

தட்டையான பழைய கான்வாஸ் ஷூ ஒன்றை எடுத்துக்கொண்டு உங்கள் தெருவில் செருப்புத் தைப்பவரிடம் போங்கள். அடியில் மெல்லிய தோல் ஒட்டித் தரச் சொல்லுங்கள். சொரசொரப்பான பக்கம் வெளியே இருக்கட்டும். முன்பாதம் வழுக்கிக்கொண்டு திரும்ப வேண்டும், ஆனால் நிற்க நினைத்த இடத்தில் நிற்கவும் வேண்டும். அந்த ஷூவைத் தெருவில் போடாதீர்கள். ஒருமுறை நனைந்தால் தோல் இறுகிவிடும்.

என் வீட்டுக்காரருக்கு இதுல விருப்பமில்லை, தடையும் சொல்லலை. தனியாப் போகலாமா? தெரியாத ஆம்பளைங்க கையைப் பிடிக்கக் கூச்சமா இருக்கு அக்கா. (பெங்களூரு)

தனியாகத்தான் பெரும்பாலோர் வருகிறார்கள் அம்மா. வகுப்பில் சில நிமிடத்துக்கு ஒருமுறை ஜோடி மாற்றிவிடுவார்கள், அதனால் துணையோடு போகத் தேவையில்லை. பெண்களோடு மட்டும் ஆட விரும்பினால் ஆசிரியரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். நீங்கள் லீடராகவும் சேரலாம். எந்தப் பாத்திரத்தை யார் ஆடலாம் என்பதற்கு ஆண் பெண் கணக்கு இப்போது இல்லை.

பிடியைப் பற்றிச் சொல்கிறேன், தெரிந்தால் கூச்சம் பாதி குறையும். உங்கள் விரல்கள் மடங்கி லீடரின் விரல்கள் மேல் கொக்கி போல அமரும். கட்டைவிரலால் யாரும் யாரையும் அழுத்தக் கூடாது. அவர் வலது கை உங்கள் முதுகில் தோள்பட்டை எலும்பின் பக்கம் இருக்க வேண்டும். அதற்குக் கீழே நழுவினால் "கொஞ்சம் மேலே" என்று சொல்லுங்கள். சொல்லியும் கேட்காவிட்டால் பாட்டின் நடுவிலேயே கையை விட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். யார் ஆட அழைத்தாலும் "வேண்டாம், நன்றி" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, காரணம் சொல்லவும் வேண்டியதில்லை.

நான் லீட் பண்றேன். ஆனா ஃபாலோவர் வேற பக்கம் போயிடறாங்க. ஆடும்போதே சொல்லிக்கொடுக்கலாமா? (கோலாலம்பூர்)

வேண்டாம். அவர் கேட்டால் மட்டும் சொல்லுங்கள், அதுவும் பாட்டு முடிந்த பிறகு.

உங்கள் கையைக் கவனியுங்கள். துணையை உள்ளே அழைத்துச் சுற்றி வெளியே அனுப்பும் ஸ்விங் அவுட் என்ற அசைவில், உள்ளே வரவழைக்கும்போது பெரும்பாலான புதியவர்கள் முழங்கையை மடக்கி இழுப்பார்கள். இழுபட்டவர் தடுமாறி, கிடைத்த திசையில் போவார். கையை இழுக்காமல், உங்கள் உடம்பு முழுவதையும் ஓரடி பின்னால் எடுத்துப் பாருங்கள். கை அப்படியே நீண்டிருக்கட்டும். கிணற்றுக் கயிறு போல அது தானாக இறுகும், அவர் நடந்து உள்ளே வருவார். வந்ததும் முதுகில் கை வைத்து இருவரும் ஒருவரையொருவர் சுற்றி, அவர் போக நினைக்கும் பக்கமே திறந்து விட்டுவிடுங்கள். ஒரு லீடர் இப்படி ஆடினால் ஃபாலோவராக எனக்கு அடுத்து என்ன வருகிறதென்று யோசிக்கவே வேண்டியிருக்காது.

ஏம்மா, எனக்கு 61 வயசு. சிரிக்க மாட்டாங்களா? (புதுச்சேரி)

மாட்டார்கள் ஐயா. பிறந்த நாளில் தம் வயது எத்தனையோ அத்தனை பேரோடு வரிசையாக ஆடுவது ஃப்ராங்கி மானிங்கின் வழக்கம். தொண்ணூறைத் தாண்டியும் கற்றுக்கொடுத்தார். முழங்கால் வலி இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். குதிப்பு இல்லாமல், சின்ன அடியாக, 130 தட்டுக்குள் ஆடினால் இது நல்ல நடைப்பயிற்சியின் அளவுதான்.

மூணு மாசம் வகுப்புக்குப் போயிட்டேன். இந்த சனிக்கிழமை முதல் சோஷியல், வகுப்பு இல்லாம எல்லாரும் சேர்ந்து ஆடற இரவு. யாரும் கூப்பிடலைன்னா? (சிங்கப்பூர்)

நீங்கள் கூப்பிடுங்கள். "நான் புதுசு, ஒரு பாட்டு ஆடலாமா?" போதும். மாற்றிக்கொள்ள ஒரு சட்டையும் துண்டும் எடுத்துப் போங்கள், வியர்வை கொட்டும். யாராவது மேல் இடித்துவிட்டால் இருவருமே மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தொடருங்கள். இரவில் எப்போதாவது எல்லாரும் வரிசையாக நின்று, துணையில்லாமல், ஷிம் ஷாம் என்ற வரிசை ஆட்டத்தை ஆடுவார்கள். தெரியாதென்று சுவரோரம் ஒதுங்கிவிடாதீர்கள். நடு வரிசையில் நின்றால் முன்னால் இருப்பவரின் காலைப் பார்த்தே பாதியைப் பிடித்துவிடலாம். மீதிக்கு அந்த நடையும் பல்ஸும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.