படகுப்பாய் வாங்கும் முன் பாய்மரத்தைப் பாருங்கள்

கேள்வி: ராயபுரத்தில் இருக்கிறேன். கைமாறி வந்த லேசர் படகு ஒன்றை வாங்கினேன்; ஒருவர் ஓட்டும் சிறு பாய்மரப் படகு. பெரிய ரிக், அதாவது பெரிய பாயும் அதற்கான மரமும். பாய் எங்கும் கிழியவில்லை. ஆனால் துவண்டு கிடக்கிறது, காற்றை எதிர்த்து ஏறவே மாட்டேன் என்கிறது. பந்தயம் எனக்கு வேண்டாம். கிளாஸ் அங்கீகாரம் (இந்த வகைப் படகுப் பந்தயச் சங்கத்தின் முத்திரை) பெற்ற பாய்தான் வாங்க வேண்டுமா, விலை குறைந்த பயிற்சிப் பாய் போதுமா? என் எடை 64 கிலோ.

பந்தயம் இல்லையென்றால் பயிற்சிப் பாயே போதும். அங்கீகாரத்துக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் போட்டி அளவீட்டாளருக்காகத்தான். காற்றுக்கு அந்த முத்திரை தெரியாது.

உங்கள் கேள்வியில் இன்னொரு விஷயம் இருக்கிறது. 64 கிலோவுக்கு உங்கள் ரிக்கின் 7.06 சதுர மீட்டர் பாய் பெரிது. பிற்பகலில் கடற்காற்று ஏறிவிட்டால் படகைச் சாயாமல் பிடித்து வைக்கவே நேரம் சரியாகிவிடும். 5.76 சதுர மீட்டர் ரேடியல் பாய் எடுங்கள். இன்றைய பெயர் ஐ.எல்.சி.ஏ. 6. அதற்கு மாஸ்டின், அதாவது பாய்மரக் குழாயின், கீழ்த்துண்டு மட்டும் மாற வேண்டும். மேல்துண்டும் பூமும் (பாயின் அடியில் கிடையாக நிற்கும் குழாய்) இருப்பதே போதும். பாய்க்கும் கீழ்த்துண்டுக்கும் சேர்த்து விலை கேளுங்கள். பாயை மட்டும் விலை பேசி முடித்துவிட்டுப் பிறகு குழாயைத் தேடுவது வீண் அலைச்சல்.

காசு கொடுப்பதற்கு முன் மேல்துண்டைச் சமதரையில் உருட்டிப் பாருங்கள். நொண்டி நொண்டி உருண்டால் வளைந்திருக்கிறது. வளைந்த மரத்தில் புதுப்பாய் ஏற்றினாலும் சுருக்கம் விழும், பழி பாய் மேல் போகும். மேல்துண்டில் உள்ள காலரை (கீழ்த்துண்டின் வாயில் உட்காரும் வளையம்) பிடித்திருக்கும் ரிவெட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். உப்பு அரித்த மேல்துண்டு பெரும்பாலும் அந்த ஓட்டையில்தான் முறியும்.

பாய் துவண்டதற்குக் காரணம், டேக்ரான் துணியில் (பாய் தைக்கும் பாலியெஸ்டர்) விறைப்புக்காக ஏற்றியிருந்த ரெசின் உதிர்ந்து போனது. இழை தளர்ந்ததும் பாயின் வயிறு, அதாவது புடைத்த பகுதி, பின்னால் நகர்கிறது. படகு முன்னே போகாமல் பக்கவாட்டில் சாய்கிறது. பாயின் முன்விளிம்பை இறுக்கும் கன்னிங்ஹாம் கயிற்றை இழுத்தால் கொஞ்சம் சரியாகும். முழுதாகச் சரியாகாது.

கேள்வி: எண்ணூரில் 15 அடி மரப்படகு வைத்திருக்கிறோம். மெயின்செயில் (முதன்மைப் பாய்) நைந்துவிட்டது. பாரிமுனையில் தார்ப்பாய்த் துணி வாங்கி, பழைய பாயை மாதிரியாக வைத்து இங்கேயே தைக்கலாமா?

இரண்டுமே வேண்டாம். தார்ப்பாய் குறுக்கே நெடுக்கே இழுத்தால் தாங்கும். மூலைவாட்டில் இழுத்தால் நீண்டுவிடும். பாயில் விசை போவது பெரும்பாலும் மூலையிலிருந்து மூலைக்குத்தான். பழைய பாயும் ஏற்கெனவே இழுபட்டு நீண்டது. அதை மாதிரியாக வைத்தால் அதன் நோயையும் சேர்த்துத் தைத்ததாகும்.

உங்கள் படகுக்கு 4 அவுன்ஸ் டேக்ரான் சரி. இது பாய் தைப்பவர்களின் அவுன்ஸ். 1 அவுன்ஸ் என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 43 கிராம். கடைக்காரர் ஜி.எஸ்.எம். கணக்கில் பேசினால் 170 என்று கேளுங்கள். துணியை மூலைவாட்டில் இரு கையாலும் இழுத்துப் பாருங்கள்: கண்ணுக்குத் தெரிய நீண்டால் வைத்துவிட்டு வாருங்கள். நைலான் வேண்டவே வேண்டாம், அது ஸ்பின்னேக்கருக்கு, அதாவது பின்காற்றில் விரிக்கும் பலூன் பாய்க்கு.

அளவு மரத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். டேப்பின் நுனியை ஹால்யார்டில் (பாயை ஏற்றும் கயிறு) கட்டி உச்சிவரை ஏற்றி, பூமின் மேல்விளிம்புவரை அளந்தால் லஃப், அதாவது பாயின் மரத்தோர விளிம்பு. மாஸ்டின் பின்விளிம்பிலிருந்து அவுட்ஹால் கயிறு பாயின் பின்மூலையை இழுத்து நிறுத்தும் இடம்வரை ஃபுட், அடிவிளிம்பு. படகு ஓடும்போது பூம் நிற்கும் உயரத்தில் அதை நிறுத்தி, உச்சியிலிருந்து பூம் முனைவரை லீச், பின்விளிம்பு. அடுத்தது பலர் விடுவது: உச்சிக்கும் பூம் மூட்டுக்கும் இடையே மாஸ்டின் பின்பக்கமாக ஒரு நூலை இறுக்கிக் கட்டுங்கள்; நடுவில் நூலுக்கும் மரத்துக்கும் எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த வளைவுக்கு ஏற்பத்தான் லஃபை வெட்டுவார்கள். சொல்லாவிட்டால் நேர்மரம் என்று நினைத்து வெட்டிவிடுவார்கள், பாய் மரத்தோரம் சப்பையாகும். லஃபில் தைத்து மாஸ்ட் பள்ளத்தில் போகும் கயிற்றின் தடிமனுக்கு ட்ரில் பிட்டின் வால்பக்கத்தை நுழைத்துப் பாருங்கள்; 6, 8 மி.மீ. என்று எது தடையில்லாமல் ஓடுகிறதோ அதைவிட ஒரு சுற்று மெலிதாகக் கேளுங்கள்.

வெட்டும் வேலை பாய் தைப்பவருடையது. துண்டுகளின் ஓரத்தை வளைவாக வெட்டிச் சேர்ப்பதில்தான் பாய்க்கு வயிறு வருகிறது. நேர்த்தையல் போட்டால் கிடைப்பது கொடி. பிறகு நூல் விட்டுப்போனால் ஒட்டுப்போட ஊர்த் தையல்காரர் போதும்: வெயில் தாங்கும் பாலியெஸ்டர் நூல், வி-69 தடிமன், ஜிக்ஜாக் தையல்.

ரீஃப் (காற்று பலத்தால் பாயைச் சுருக்கிக் கட்டும் துளைகள்) ஒரு வரிசை கேளுங்கள், வாடைக்காலத்தில் உதவும். மீன்பிடிப் படகுகள் நடமாடும் இடமென்பதால், மறுபுறம் தெரிய பாயில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஜன்னலும் தேவை. முழுநீள பேட்டன் (பாயை விறைப்பாக வைக்கும் பட்டை) இந்தப் படகுக்கு வீண் செலவு. கயிறு கோக்கும் கண்வளையங்கள் அலுமினியத்தில் வேண்டாம், உப்பில் பூத்துவிடும்.

கேள்வி: திருவொற்றியூர். இணையத்தில் வாங்கிய பாய், சொன்ன அளவைவிட லஃபில் 20 செ.மீ. நீளம். திரும்ப எடுக்க மறுக்கிறார்கள்.

மரத்தில் ஏற்றாதீர்கள். தரையில் விரித்து, டேப் தெரியும்படி படம் எடுங்கள். விற்பனைப் பக்கத்தில் போட்டிருந்த அளவையும் ரசீதையும் சேர்த்து வைத்து, எழுத்தில் புகார் அனுப்பி, 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதியுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம்வரை என்றால் கட்டணம் இல்லை, கால வரம்பு 2 ஆண்டு. நீங்கள் கொடுத்த அளவுக்குத் தைத்த பாய் என்றால் கதை வேறு. உங்கள் அளவே தவறாக இருந்தால் வழக்கு நிற்காது.

கேள்வி: புதுப்பாயை எப்படிக் கழுவுவது?

மெட்ரோ தண்ணீரில். வடசென்னையில் பல இடங்களில் போர் தண்ணீரே உப்பு. அதில் அலசினால் உப்பை உப்பால் கழுவியது போலத்தான். சோப்புத்தூள், பிளீச், வாஷிங் மெஷின் கூடாது. நிழலில் உலர்த்தி, மடிக்காமல் சுருட்டி வையுங்கள். கரையில் நிற்கும் படகில் பாயை ஏற்றியபடி படபடக்க விடாதீர்கள். வெயிலும் அந்தப் படபடப்பும் சேர்ந்து, ஓட்டத்தில் வரும் தேய்மானத்தைவிட வேகமாகத் துணியைத் தின்றுவிடும்.