தனியா இருக்கேன், சமைச்சா மிஞ்சிப்போகுது, சமைக்கலனா காசு போகுது. என்ன பண்றது?

கேள்வி: வேலைக்காக தனியா ரூம் எடுத்து தங்கியிருக்கேன். ஒரு அடுப்பு, ஒரு குக்கர், ஒரு கடாய், ஒரு சின்ன ஃப்ரிட்ஜ், அவ்ளோதான். வாரத்துக்கு தேவைனு காய் வாங்கிட்டு வந்தா பாதி அழுகி குப்பைக்கு போகுது. ஏதாவது குழம்பு மாதிரி வச்சா மூணு நாளும் அதையே சாப்பிடணும், ரெண்டாவது நாளே சலிச்சு போய் வெளிய ஆர்டர் பண்ணிடறேன். மாச கடைசில கையில எதுவும் நிக்கல. சமையலும் பெருசா தெரியாது. ஒரு ஆளுக்கு சிக்கனமா சமைக்க ஏதாவது வழி சொல்லுங்க.

பதில்: தம்பி, சமையல் தெரியாதுனு கடைசில எழுதியிருக்கீங்க, அதப்பத்தி கவலையே படாதீங்க, அது ஒரு மாசத்துல வந்துடும். உங்க கேள்வில என்னை நிறுத்தினது "பாதி அழுகி குப்பைக்கு போகுது", "ரெண்டாவது நாளே சலிச்சு போய்" இந்த ரெண்டும்தான். உங்க காசு போறது இந்த ரெண்டு ஓட்டை வழியாதான், அரிசி பருப்பு வாங்கறதுல இல்ல. நீங்க மட்டும் இல்ல, ஐநா சுற்றுச்சூழல் அமைப்பு 2024ல வெளியிட்ட கணக்குப்படி 2022ல உலகம் பூரா வீணான சாப்பாடு 105 கோடி டன், அதுல 60 சதவீதம் வீடுகள்ல இருந்து போனது. பெரிய குடும்பத்துல ஒருத்தர் சாப்பிடலனா இன்னொருத்தர் முடிச்சுடுவாங்க, தனியா இருக்கறவங்களுக்கு அந்த இன்னொருத்தர் கிடையாது, அதனால நாமதான் முன்னாடியே யோசிச்சுக்கணும்.

நான் தனியா இருக்கறவங்களுக்கு சமையல் சொல்லிக்கொடுக்கும்போது முதல்ல சொல்ற விஷயம் இதுதான்: மொத்தமா வேக வைங்க, ஆனா மொத்தமா ருசி சேர்க்காதீங்க. ஒரு பெரிய பாத்திரம் நிறைய மசாலா போட்டு முடிச்ச குழம்பு வச்சுட்டீங்கன்னா அது மூணு நாளைக்கும் ஒரே குழம்புதான், அத வேற எதுவாவும் மாத்த முடியாது. அதே இடத்துல வெறும் தண்ணி, உப்பு மட்டும் போட்டு கொண்டைக்கடலைய வேகவச்சு எடுத்து வச்சீங்கன்னா அது இன்னும் எதுவாகவும் ஆகலாம். நேரம் தின்றது வேகறதுதான், ருசி சேர்க்கறதுக்கு பத்து நிமிஷம் போதும், அந்த பத்து நிமிஷத்த தினமும் செலவு பண்ணுங்க, ஒரு மணி நேர வேலைய வாரத்துக்கு ஒரு தடவ வச்சுக்கோங்க.

ஒரு உதாரணம் சொல்றேன். 200 கிராம் கொண்டைக்கடலைய ராத்திரி ஊறப்போடுங்க, காலைல வேகவச்சா எடை ரெண்டு மடங்குக்கு மேலயே வரும், ஒருத்தருக்கு நாலு வேளைக்கு தாராளமா காணும். அத நாலு பங்கா பிரிச்சு ரெண்ட ஃப்ரிட்ஜ்லயும் ரெண்ட ஃப்ரீசர்லயும் வைங்க. முதல் நாள் வெங்காயம் தக்காளி பூண்டு வதக்கி அதுல ஒரு பங்கு போட்டு கொதிக்க விட்டு சோத்தோட சாப்பிடுங்க. ரெண்டு நாள் கழிச்சு அடுத்த பங்க பாதி மசிச்சு தண்ணி விட்டு ஒரு கேரட்ட துருவி போட்டு மிளகு தட்டி போட்டா கெட்டியான சூப், ரெண்டு துண்டு பிரெட் போதும். அடுத்த வாரம் ஃப்ரீசர்ல இருந்து ஒண்ண எடுத்து வெள்ளரிக்காய், பச்சை வெங்காயம், எலுமிச்சை சாறு, மேல ஒரு வேகவச்ச முட்டை. மூணும் ஒரே கடலைதான், நாக்குக்கு மூணும் வேற வேற. சலிப்பு வராம இருந்தாலே ஆர்டர் பண்ற கை பாதி அடங்கிடும்.

பயறு வகைய பத்தி கொஞ்சம் விரிவாவே சொல்லிடறேன், ஏன்னா தனியாளோட பட்ஜெட்ட தாங்கறது அதுதான். காஞ்ச பயறு மாசக்கணக்கா கெடாது, வேணுங்கற அளவு மட்டும் எடுத்துக்கலாம், புரோட்டீனும் நல்லா இருக்கு. அரிசி, கோதுமை மாதிரி தானியத்துல லைசின்ங்கற அமினோ அமிலம், அதாவது புரோட்டீன கட்டற ஒரு துண்டு, குறைவு, பயறுல அது நிறைய, பயறுல குறையறது தானியத்துல இருக்கு, அதனால ரெண்டும் ஒரே நாள்ல சாப்பாட்டுல வந்துட்டா போதும், ஒரே தட்டுல வரணும்னுகூட இல்ல. பாசிப்பருப்பு, மைசூர் பருப்பு மாதிரி பருப்புக்கு ஊறவைக்கற வேலையே இல்ல, சாதாரண பாத்திரத்துலயே அரை மணி நேரம் முன்ன பின்ன வெந்துடும். சாப்பிடும்போது மேல கொஞ்சம் எலுமிச்சை பிழிஞ்சுக்கோங்க, அதுல இருக்கற விட்டமின் சி பயறுல உள்ள இரும்புச்சத்த உடம்பு எடுத்துக்க உதவும், சாப்பாட்டோட சேர்த்து டீ குடிச்சா அதுக்கு நேர் எதிரா ஆகும், அதனால டீய ஒரு மணி நேரம் தள்ளி வைங்க.

பயறு வேகவே மாட்டேங்குதுனு நிறைய பேர் சொல்வாங்க, பெரும்பாலும் காரணம் மூணுதான். பயறு ரொம்ப பழசா இருக்கும், இல்லனா தண்ணி கால்சியம் மாதிரி தாது நிறைய உள்ள கடினத் தண்ணியா இருக்கும், இல்லனா தக்காளி எலுமிச்சை மாதிரி புளிப்ப முதல்லயே போட்டிருப்பாங்க. புளிப்பு பட்டா பயறு மெத்துனு ஆக ரொம்ப நேரம் எடுக்கும், அதனால வெந்த பிறகு மட்டும் சேருங்க. கடினத் தண்ணிக்கு ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டு ஊறவச்சா சரியாயிடும். ஒரே ஒரு எச்சரிக்கை, ராஜ்மாவ அரைவேக்காட்டுல மட்டும் சாப்பிடவே கூடாது. அதுல இயற்கையாவே ஒரு நச்சு இருக்கு, நாலஞ்சு பச்சைக் கொட்டையே வாந்தி வரவைக்கும். குறைஞ்சது 5 மணி நேரம் ஊறவச்சு, அந்த தண்ணிய கொட்டிட்டு, புது தண்ணில தளதளனு கொதிக்கவச்சு வேகவைக்கணும், 30 நிமிஷம் கொதிச்சா நிம்மதி. மெதுவா சூடாகற எலக்ட்ரிக் பாத்திரத்துல நேரா போட்டு விட்டுடாதீங்க, கொதிக்காத சூட்டுல அந்த நச்சு போகாது.

அடுத்து சோறு. ஒரு ஆளுக்கு ஒரு வேளைக்கு அரிசி 75 கிராம் போதும், அரை கப்புக்கு கொஞ்சம் கம்மி, வெந்தா 200 கிராமுக்கு பக்கத்துல வரும். நிறைய பேர் கண்ணளவுல ஒரு கப் போட்டுட்டு மிஞ்சிடுச்சுனு வருத்தப்படறாங்க. மிஞ்சின சோத்த அடுப்பு மேலயே ராத்திரி பூரா விட்டுடாதீங்க, இது ரொம்ப முக்கியம். நான் படிக்கற காலத்துல ஒரு தடவ அப்படி விட்டு காலைல நல்லா சூடா வறுத்து சாப்பிட்டேன், சூடு பண்ணிட்டோமே என்ன ஆகிடப்போகுதுனு நினைச்சேன், அன்னிக்கு மத்தியானம் பூரா வாந்தி, ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக்கொடுக்க பக்கத்துல ஆள் இல்ல. தனியா இருக்கும்போது உடம்பு சரியில்லாம போறது எவ்ளோ கஷ்டம்னு அன்னிக்குதான் புரிஞ்சது. அரிசில பேசில்லஸ் சீரியஸ்ங்கற பாக்டீரியாவோட வித்துகள் இருக்கும், அது வேகும்போதும் சாகாது, சோறு வெதுவெதுப்பா மணிக்கணக்கா இருந்தா முளைச்சு பெருகி விஷத்த விட்டுடும், அந்த விஷம் திரும்ப சூடு பண்ணினா அழியாது. அதனால மிஞ்சின சோத்த அகலமான தட்டுல பரப்பி சீக்கிரமா ஆறவிட்டு ஒரு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜ்ல வச்சுடுங்க, அடுத்த நாளைக்குள்ள ஒரே ஒரு தடவ ஆவி பறக்க சூடு பண்ணி முடிச்சுடுங்க. மத்த சமைச்ச பொருள் எல்லாம் மூணுலருந்து நாலு நாள் தாங்கும், ஃப்ரிட்ஜ் 4 டிகிரி இல்ல அதுக்கு கீழ இருந்தா மட்டும். அத வெளிய 2 மணி நேரத்துக்கு மேல வைக்காதீங்க.

ஃப்ரீசர பத்தி ஒரு வார்த்தை. அது உங்க அடுத்த வாரத்து சமையல்காரர்னு நினைச்சுக்கோங்க. டப்பால கட்டியா உறைய வைக்காம, பைல போட்டு காத்த எடுத்துட்டு புத்தகம் மாதிரி தட்டையா படுக்க வச்சீங்கன்னா சீக்கிரம் உறையும், சீக்கிரம் இளகும், சின்ன ஃப்ரீசர்லயும் இடம் அடைக்காது. பிரெட்ட ஃப்ரிட்ஜ்ல வைக்காதீங்க, வெளிய இருக்கறத விட அங்க சீக்கிரம் விறைச்சு போகும், ஃப்ரீசர்ல போட்டு வேணுங்கற துண்டு மட்டும் எடுத்து அப்படியே சுட்டுக்கலாம். ஃப்ரோசன் பட்டாணி மட்டம்னு நினைக்காதீங்க, பறிச்ச கொஞ்ச நேரத்துலயே உறைய வச்சது, ஒரு கைப்பிடி எடுத்துட்டு மூடி வச்சா மீதி அப்படியே இருக்கும், தனியாளுக்கு அத விட வசதியான காய் எனக்கு தெரிஞ்சு இல்ல.

இப்ப காய் அழுகற பிரச்சனைக்கு வரேன். காய வாங்கும்போது என்ன சமைக்கலாம்னு யோசிக்கறத விட எது முதல்ல சாகும்னு யோசிங்க. கீரை, காளான் இதெல்லாம் ரெண்டு மூணு நாள், தக்காளி, வெள்ளரி, பீன்ஸ் வாரத்துக்குள்ள, முட்டைகோஸ், கேரட், பூசணி, வெங்காயம், உருளை இதெல்லாம் வாரக்கணக்கா தாங்கும். ஒரு தடவைக்கு சீக்கிரம் சாகறது ஒண்ணு, தாங்கறது ரெண்டு, அதுக்கு மேல வாங்காதீங்க, வாங்கின அன்னிக்கோ மறுநாளோ அந்த மென்மையானத முடிச்சுடுங்க. முட்டைகோஸ ரெண்டா வெட்டாம மேல இருந்து இலை இலையா உரிச்சு எடுத்தா வெட்டின முகம் கறுக்காது, மூணு வாரம்கூட ஓடும். கேரட்டோட தலைல இலை இருந்தா வந்ததும் வெட்டி எறியுங்க, அது கிழங்குல இருக்கற ஈரத்த உறிஞ்சிடும். வெங்காயத்தையும் உருளையையும் ஒரே கூடைல போட்டா ரெண்டுமே சீக்கிரம் கெடும், தனித்தனியா காத்தோட்டமா வைங்க, உருளைய வெளிச்சம் படாத இடத்துல. பச்சையா மாறின உருளை கசக்கும், அதுல நச்சும் சேர்ந்திருக்கும், சாப்பிடாதீங்க. ஆப்பிள், வாழைப்பழத்துல இருந்து எத்திலீன்னு ஒரு வாயு வரும், அது பக்கத்துல இருக்கற கீரைய மஞ்சளாக்கிடும், அதனால பழத்த தள்ளி வைங்க.

பெரிய பாக்கெட் மலிவுனு வாங்கறதுலயும் கவனம் வேணும். ரெண்டு மடங்கு அளவு, ஒன்றரை மடங்கு விலைனு வைங்க, பாக்க லாபம்தான், ஆனா அதுல கால்வாசிய தூக்கி போட்டீங்கன்னா அந்த லாபம் பூரா போச்சு, சின்னத வாங்கினதும் இதுவும் ஒண்ணுதான். கெடாத பொருள பெருசா வாங்குங்க, மசாலா பொடிய மட்டும் சின்னதா வாங்குங்க, ஏன்னா ஒரு ஆளுக்கு அது தீரறதுக்குள்ள வாசனை போயிடும்.

முட்டை ஒரு ஆளுக்குனே அளவெடுத்து வச்ச மாதிரி ஒரு பொருள். ஒரு முட்டைல 6 கிராம் போல புரோட்டீன், அஞ்சு நிமிஷ வேலை, நேத்து மிஞ்சின எதையும் அதுல போட்டு ஆம்லெட் ஆக்கிடலாம். ஓட்டோட வேகவச்சத ஃப்ரிட்ஜ்ல ஒரு வாரம் வைக்கலாம்.

கேஸ் செலவுக்கும் ஒரு விஷயம், தண்ணி கொதிக்க ஆரம்பிச்சுட்டா அதுக்கு மேல தீய எவ்ளோ கூட்டினாலும் 100 டிகிரிக்கு மேல போகாது, ஆவிதான் கூடும், உள்ள இருக்கற பருப்பு சீக்கிரம் வேகாது, அதனால கொதி வந்ததும் சிம்ல வச்சு மூடி போடுங்க. குக்கர்ல மட்டும் அழுத்தத்தால 120 டிகிரி வரைக்கும் போகும், அதான் அதுல பாதி நேரத்துல வேலை முடியுது. கீழ பருப்பு, மேல தட்டுல உருளைக்கிழங்குனு ஒரே தடவைல வச்சுடுங்க.

ருசி வரலனு தோணினா மசாலாவ அள்ளி கொட்டாதீங்க, முதல்ல உப்பு பாருங்க, அடுத்து ரெண்டு சொட்டு எலுமிச்சை, பெரும்பாலும் அங்கயே சரியாயிடும். வெங்காயத்த நல்லா பொன்னிறமா வதக்க 15 நிமிஷமாவது ஆகும், அத அவசரப்படுத்தினா எந்த சமையலும் நல்லா வராது, அதனால லீவு நாள்ல நாலு வெங்காயத்த ஒண்ணா வதக்கி சின்ன டப்பால வச்சுக்கோங்க, மூணு நாலு நாளைக்கு உங்க பத்து நிமிஷ சமையலுக்கு அதுதான் ஆரம்பம், மிஞ்சறதுக்கு ஃப்ரீசர் இருக்கு.

வேலை முடிஞ்சு களைச்சு வர ராத்திரிகள் வரும், அன்னிக்கு ஒண்ணும் முடியாது, அது இயல்பு. அந்த ராத்திரிக்குனு முட்டை, ஓட்ஸ், ஃப்ரீசர்ல பிரெட், பட்டாணி, ஒரு பங்கு வெந்த கடலை எப்பவும் வீட்டுல இருக்கணும், அத வேற நாள்ல தொடாதீங்க, எடுத்தா அந்த வாரத்துக்குள்ள திரும்ப வச்சுடுங்க.

முதல் வாரமே ஏழு நாளும் சமைக்கப் போறேன்னு கிளம்பாதீங்க தம்பி, மூணு நாள் போதும், மீதிய இப்ப இருக்கற மாதிரியே விடுங்க. ஃப்ரிட்ஜ் கதவுல ஒரு பேப்பர் ஒட்டி, தூக்கி போடற ஒவ்வொண்ணையும் எழுதுங்க, எவ்ளோனும் எழுதுங்க. ஒரு மாசம் கழிச்சு அதுல எந்த காய் பேரு மூணு தடவ வந்திருக்கோ, அத வாங்கறத கொஞ்ச நாளைக்கு நிறுத்திடுங்க.